தபால் அலுவலகத்தில் சொன்னால் போதாது

அமெரிக்காவில் குடியுரிமை இல்லாமல் வசிப்பவர்கள் வீடு மாறினால், மாறிய 10 நாளுக்குள் புதிய முகவரியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 1952ஆம் ஆண்டுக் குடிவரவு மற்றும் நாட்டுரிமைச் சட்டத்தின் 265ஆம் பிரிவு விதிக்கும் கடமை இது. கிரீன் கார்டு வைத்திருப்பவர், எச்-1பி விசாவில் வேலை செய்பவர், அவருடைய மனைவி மக்கள், மாணவர், அடைக்கலம் கேட்டு வந்தவர் என எல்லோரையும் இது கட்டுப்படுத்தும். தூதரகப் பணிக்கான ஏ விசா, சர்வதேச அமைப்புகளுக்கான ஜி விசா ஆகியவற்றில் இருப்பவர்களுக்கும், விசா விலக்கில் வந்துபோகிறவர்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. படிவத்தின் பெயர் ஏ.ஆர்-11. கட்டணம் கிடையாது. இணையத்தில் நிரப்பினால் கால் மணி நேர வேலை.

இவ்வளவு எளிய கடமையைப் பற்றி இந்தியர்கள் நடுவில் ஊறிப்போன கருத்து ஒன்று உண்டு. எடிசனிலும் இர்விங்கிலும் ஃப்ரீமான்ட்டிலும் புதிதாக வீடு மாறிய குடும்பங்களுக்கு அக்கம்பக்கத்தார் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி, போஸ்ட் ஆபீஸில் மாற்றிவிட்டால் லெட்டர் தானாக வந்துவிடும். கம்பெனி வக்கீல் பார்த்துக்கொள்வார். அனுப்பாததற்காக யாரும் யாரையும் பிடித்ததில்லை. அனுப்பினாலும் யாரும் படிப்பதில்லை." நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த ஆலோசனையில் பாதி உண்மைகள் இருக்கின்றன. முடிவு மட்டும் முழுத் தவறு.

தண்டனை பற்றிய பேச்சை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதே சட்டத்தின் 266ஆம் பிரிவு, முகவரி மாற்றத்தைத் தெரிவிக்காததைச் சிறு குற்றமாக வகைப்படுத்தி 30 நாள் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. பிரிவில் எழுதப்பட்டிருக்கும் அபராதம் 200 டாலர்தான். கூட்டாட்சிக் குற்றங்களுக்கான பொது அபராதச் சட்டம் வந்த பிறகு உச்சவரம்பு 5,000 டாலராக ஏறியது. தவறியவரை நாட்டைவிட்டு வெளியேற்றவும் இடம் உண்டு. ஆனால் தவறுக்கு நியாயமான காரணம் இருந்தாலோ, அது வேண்டுமென்று செய்யப்படாததாக இருந்தாலோ வெளியேற்ற முடியாது. பல பத்தாண்டுகளாக இந்தப் பிரிவு அரிதாகவே பயன்படுத்தப்பட்டது என்பதும் உண்மை. ஆகவே "யாரையும் பிடித்ததில்லை" என்பவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் அவர்கள் கண்டது நிர்வாகத்தின் ஒரு காலத்துப் பழக்கம். சட்டம் அப்படியேதான் இருந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், 2002 ஜூலையில், இந்த விதியைக் கண்டிப்புடன் செயல்படுத்தப்போவதாக நீதித்துறை அமைச்சகம் அறிவித்தது. 2025 ஜனவரி 20 அன்று கையெழுத்தான அதிபர் ஆணை வெளிநாட்டவர் பதிவை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்தது. அதன்படி வந்த பதிவு விதி 2025 ஏப்ரல் 11 முதல் நடைமுறைக்கு வந்தது. ஜி-325ஆர் என்ற புதிய படிவமும் அதனுடன் சேர்ந்தது. விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பதிவானவர்களாகவே கருதப்படுகிறார்கள். ஆனால் பதிவோடு ஒட்டிய முகவரிக் கடமை அவர்களுக்கும் உண்டு என்பதை அரசு அப்போது திரும்பவும் நினைவூட்டியது. தூங்கிக் கிடந்த சட்டம் எப்போது எழும் என்று வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் குடும்பம் கணிக்க முடியாது.

எனினும் தண்டனையைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களும், தண்டனை இல்லை என்று தேற்றுகிறவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இரு சாராரும் ஏ.ஆர்-11ஐ அரசுக்குச் செலுத்தும் கப்பமாகப் பார்க்கிறார்கள். உண்மையில் அது அரசு அனுப்பும் கடிதத்தைப் பெறுவதற்கு ஒருவர் வைத்திருக்கும் உரிமையின் ஆவணம். அதைக் கொடுக்காதவருக்கு வரும் இழப்பு சிறைக்கதவு வழியாக வருவதில்லை. தபால் பெட்டி வழியாக வருகிறது.

குடிவரவுத் துறையின் விதிகளில், தபாலில் அனுப்பும் அறிவிப்பு எப்போது சேர்ந்ததாகக் கருதப்படும் என்பதற்குத் தெளிவான விடை உண்டு: தபாலில் சேர்த்த கணத்திலேயே. பதில் தர வேண்டிய கெடுவோடு தபாலுக்காக 3 நாள் கூட்டித் தருவார்கள், அவ்வளவுதான். கடிதம் கைக்கு வந்ததா, உறை கிழிக்கப்பட்டதா என்று விதி கேட்பதில்லை. பதிவில் இருக்கும் கடைசி முகவரிக்குப் போனால் போதும். அது போன நாளிலிருந்து கெடு ஓடத் தொடங்கிவிடும்.

இது வாழ்க்கையில் எப்படி விடியும் என்பதைக் கிட்டே வைத்துப் பார்க்கலாம். 2020 அக்டோபரில், கிரீன் கார்டு வரிசையில் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதிகள் திடீரென்று நகர்ந்தபோது, கிரீன் கார்டுக்கான ஐ-485 மனுவைப் பல்லாயிரம் இந்தியக் குடும்பங்கள் ஒரே மூச்சில் போட்டன. பலருக்கு முடிவு வர ஆண்டுகள் ஆயின. அதற்குள் குழந்தை பிறந்திருக்கும், வேலை மாறியிருக்கும், இரண்டு அறை அடுக்ககத்தை விட்டு வேறு மாநிலத்தில் தனி வீட்டுக்குப் போயிருப்பார்கள். அப்படி எடிசனிலிருந்து டெக்சஸின் பிளேனோவுக்குச் சாமான் ஏற்றிப் போன ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளலாம். மருத்துவப் பரிசோதனைப் படிவமான ஐ-693ஐப் புதிதாகக் கேட்டு அதிகாரி ஒரு கடிதம் அனுப்புகிறார். கூடுதல் ஆதாரம் கேட்கும் இத்தகைய கடிதத்துக்குத் தரப்படும் அதிகபட்ச அவகாசம் 84 நாள், கூட 3 நாள். கடிதம் எடிசனில் பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வரிசையாய்ச் சுவரில் பதித்த பெட்டிகளில் ஒன்றில் விழுகிறது. அந்தப் பெட்டியின் சாவி இப்போது வேறொரு குடித்தனக்காரரிடம் இருக்கிறது. அவர் நல்லவராக இருந்தால் "இந்த முகவரியில் இல்லை" என்று எழுதித் திருப்பிப் போடுவார். இல்லாவிட்டால் பீட்சா விளம்பரங்களோடு அதுவும் குப்பைக்குப் போகும். பிளேனோவில் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சிக் குடியேறிய குடும்பத்துக்கு ஒன்றும் தெரியாது. 87ஆம் நாள் முடிந்ததும், மனுதாரர் மனுவைக் கைவிட்டதாகக் கொண்டு அதை நிராகரிக்கலாம் என்கிறது விதி.

கைவிட்டதாக நிராகரிக்கப்பட்ட மனுவுக்கு மேல்முறையீடு கிடையாது, மறுதிறப்பு கேட்கலாம். எந்தெந்தக் காரணங்களுக்காகக் கேட்கலாம் என்று விதியே வரையறுத்திருக்கிறது. அவற்றில் ஒன்று, மனுதாரர் முகவரி மாற்றத்தை எழுத்து மூலம் தெரிவித்திருந்தும் கடிதம் அந்தப் புதிய முகவரிக்கு அனுப்பப்படவில்லை என்பது. இந்த ஒரு வரியை ஊன்றிப் படித்தாலே "ஃபார்மாலிட்டி" என்ற வாதம் உதிர்ந்துவிடும். தெரிவித்தவருக்குத் துறையின் பிழையைச் சுட்டி மனுவை உயிர்ப்பிக்கும் வழி இருக்கிறது. தெரிவிக்காதவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. பழைய முகவரிக்குக் கடிதம் அனுப்பிய அதிகாரி சரியாகவே நடந்துகொண்டிருக்கிறார். எச்-1பியை விட்டுவிட்டு, நிலுவையிலுள்ள ஐ-485இன் பலத்தில் மட்டும் வேலை அனுமதி அட்டை வாங்கி உழைக்கும் ஒருவருக்கு, அந்த மனு விழுந்தால் காலடியில் தரையே இருக்காது.

அட்டைகளின் கதை இன்னும் சுருக்கமானது. கிரீன் கார்டு, வேலை அனுமதி அட்டை, பயண ஆவணம் ஆகியவை சேர்க்க முடியாமல் திரும்பி வந்தால், உரியவர் சரியான முகவரியோடு 60 வேலை நாளுக்குள் தொடர்புகொள்ளாதபட்சத்தில் அழித்துவிடப்போவதாகத் துறை 2018இல் அறிவித்தது. எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருந்துகொண்டு வேலை அனுமதி பெற்ற ஒரு பெண்ணுக்குப் புது அட்டை கைக்கு வராவிட்டால், பழையதன் காலம் முடியும் நாளில் வேலையும் நிற்கக்கூடும். தொலைந்த கிரீன் கார்டுக்கு மாற்று வாங்க 2024 ஏப்ரல் கட்டண அட்டவணைப்படி இணையவழியில் 415 டாலர். முகவரி மாற்றத்துக்குக் கட்டணம் இல்லை என்பதை இந்தத் தொகையோடு வைத்துப் பார்க்க வேண்டும். வீடு மாறினால் கிரீன் கார்டையே மாற்ற வேண்டும் என்று நினைத்துச் செலவுக்குப் பயந்து சும்மா இருப்பவர்களும் உண்டு. அந்த அட்டையில் முகவரியே அச்சிடப்படுவதில்லை. அதை மாற்றத் தேவையில்லை.

இனி தபால் அலுவலகம். அங்கே முகவரி மாற்றம் பதிந்தால் முதல் வகுப்புக் கடிதங்களை 12 மாதம் வரை புதிய இடத்துக்குத் திருப்பிவிடுவார்கள். ஆனால் அந்தத் தகவல் குடிவரவுத் துறையின் பதிவேட்டுக்குப் போவதில்லை. அது சட்டம் கேட்கும் அறிவிப்பும் ஆகாது. அனுப்புநரிடமே திருப்பித் தரும்படி உறையில் குறிப்பிட்டிருந்தால், தபால்காரர் அதன்படிதான் செய்வார். தபால் துறை தன்னுடைய கடிதங்கள் எல்லாவற்றையும் திருப்பிவிடும் என்று நம்ப வேண்டாம் என்று குடிவரவுத் துறையே எச்சரிக்கிறது.

இந்த மயக்கத்துக்கு ஒரு வரலாற்றுச் சாயலும் உண்டு. 1940ஆம் ஆண்டு வெளிநாட்டவர் பதிவுச் சட்டம் வந்தபோது பதிவும் கைரேகையும் உள்ளூர்த் தபால் அலுவலகங்களில்தான் நடந்தன. அந்த ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஏறத்தாழ 50 இலட்சம் பேர் அங்கே வரிசையில் நின்றார்கள். அன்று தபால் அலுவலகம் அரசின் குடிவரவுக் கையாகவே இயங்கியது. அந்தச் சட்டம் முகவரி மாற்றத்துக்குத் தந்த கெடு 5 நாள். 1952ஆம் ஆண்டுச் சட்டம் அதை 10 நாளாக நீட்டியது; வீடு மாறாதவரும் ஒவ்வொரு ஜனவரியிலும் முகவரியைச் சொல்ல வேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது. 1981இல் ஆண்டுதோறும் முகவரி சொல்லும் அந்த விதி நீக்கப்பட்டது. முன்பெல்லாம் தை பிறக்கும் மாதத்தில் ஊரே சேர்ந்து செய்த வேலை, அதன் பிறகு அவரவர் வீடு மாறும் நாளில் தனியே நினைவில் வைத்துச் செய்யும் வேலையாகிவிட்டது. மறதி பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

வக்கீல் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. மனுவில் வக்கீல் முறைப்படி ஆஜராகியிருந்தால் துறையின் அறிவிப்பு அவருக்கும் போகும். பிளேனோ குடும்பத்துக்கு அப்படி ஒரு வக்கீல் இருந்தால் தப்பித்திருக்கும். ஆனால் எச்-1பி மனுவில் மனுதாரர் நிறுவனம். வக்கீல் நிறுவனத்தின் வக்கீல். வீடு மாறியதை ஊழியர் சொல்லாமல் அவருக்குத் தெரிய வழியில்லை, சொன்னாலும் ஏ.ஆர்-11 அனுப்பும் கடமை ஊழியருடையதே. நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் சம்பளச் சீட்டுக்காக முகவரி மாற்றுவதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அதோடு இந்தக் கடமை குடும்பத்துக்கு ஒன்றல்ல, தலைக்கு ஒன்று. கணவர் தனக்கு மட்டும் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கும் வீடுகளில் எச்-4 மனைவியின் முகவரி பழையதாகவே கிடக்கும். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரே தெரிவிக்க வேண்டும்.

நிறுவனத்துக்கு இதில் வேறொரு கடமை இருக்கிறது, அது வீட்டைவிட வேலையிடத்தைப் பற்றியது. 2015 ஏப்ரலில் சிமியோ சொல்யூஷன்ஸ் வழக்கில் வந்த தீர்ப்பின்படி, எச்-1பி ஊழியரின் வேலையிடம் முன்பு குறிப்பிட்ட பெருநகர வட்டாரத்துக்கு வெளியே போனால் நிறுவனம் திருத்திய மனு போட வேண்டும். வீட்டிலிருந்தே வேலை செய்பவர் நியூ ஜெர்சியிலிருந்து டெக்சஸுக்கு வீடு மாறினால் வேலையிடமும் மாறிவிடுகிறது. இதை முதலாளியிடம் மறைத்து வீடு மாறுவோர், ஏ.ஆர்-11ஐ மட்டும் அல்ல, தங்கள் விசா நிலையையே ஆபத்தில் வைக்கிறார்கள். ஆகவே வக்கீலிடம் சொல்வது அவசியம்தான், ஏ.ஆர்-11க்குப் பதிலாக அல்ல, அதோடு கூட.

மாணவர்களுக்கு மட்டும் ஓர் எளிய ஏற்பாடு உண்டு. எஃப்-1 மாணவர் 10 நாளுக்குள் தன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அதிகாரியிடம் சொன்னால், அதுவே சட்டம் கேட்கும் அறிவிப்பாகும். அதிகாரி 21 நாளுக்குள் அதைச் செவிஸ் என்ற பதிவேட்டில் ஏற்ற வேண்டும். "வேறொருவர் பார்த்துக்கொள்வார்" என்ற நினைப்பு இங்கிருந்துதான் பலருக்குத் தொற்றுகிறது. படிப்பு முடிந்து எச்-1பிக்கு மாறிய பின்பும் பழைய பழக்கத்தில் இருந்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் கடுமையான விளைவு குடிவரவு நீதிமன்றத்தில் வழக்கு உள்ளவர்களுக்கு. இலங்கையிலிருந்து வந்து அடைக்கலம் கேட்ட தமிழர்கள் பலர் இந்த நீதிமன்றங்கள் வழியாகவே போக வேண்டியிருந்தது. நீதிமன்றம் நீதித்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது, ஏ.ஆர்-11ஐ வாங்கும் துறை உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. ஒன்றுக்குச் சொன்னது மற்றதற்குச் சொன்னதாகாது. நீதிமன்றத்துக்கு இ.ஓ.ஐ.ஆர்-33 என்ற தனிப் படிவம். கெடு 5 நாள். அரசுத் தரப்பு வக்கீலுக்கும் நகல் போக வேண்டும். விசாரணைக்கு வராதவரை அவர் இல்லாமலேயே வெளியேற்ற உத்தரவிட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. முகவரி தராதவருக்கு எழுத்து அறிவிப்பு அனுப்ப வேண்டிய கட்டாயமே இல்லை என்று 240ஆம் பிரிவு சொல்கிறது. அறிவிப்பே கிடைக்கவில்லை என்று காட்டினால் உத்தரவை எப்போது வேண்டுமானாலும் திறக்கக் கேட்கலாம். ஆனால் முகவரி தராததால்தான் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கதவு மூடிவிடுகிறது. நியாயமான காரணமின்றி விசாரணைக்கு வராதவர் வெளியேறிய பின் 5 ஆண்டு திரும்பி வர முடியாது.

நீதிமன்றங்கள் காப்பாற்றிவிடும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. 2001இல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம், வழக்கைத் தொடங்கும் முதல் அறிவிப்பே கைக்கு வராதவருக்கு முகவரிக் கடமை பற்றிய எச்சரிக்கையும் போய்ச் சேரவில்லை என்பதால், அவர் இல்லாமல் உத்தரவிட முடியாது என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் எச்சரிக்கைத் தாளைக் கையில் வாங்கியவருக்கு அது உதவாது. 2018இலும் 2021இலும் உச்ச நீதிமன்றம், நாளும் நேரமும் இல்லாத முதல் அறிவிப்பு குறையுடையது என்று இரு வழக்குகளில் சொன்னது. அதை நம்பிப் பலர் பழைய உத்தரவுகளைத் திறக்கக் கேட்டார்கள். 2024 ஜூனில் காம்போஸ்-சாவேஸ் வழக்கில், பின்னால் நாளும் இடமும் சொல்லி அனுப்பிய இரண்டாவது அறிவிப்பே போதும் என்று 5க்கு 4 என்ற கணக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த இரண்டாவது அறிவிப்பு போகும் இடம், பதிவில் உள்ள முகவரி.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம், அனுப்பினாலும் யாரும் படிப்பதில்லை என்பது. இதற்கு ஆதாரம் உண்டு. 2002இல் கண்டிப்பு அறிவிப்பு வந்த சமயத்தில், ஏற்கெனவே மக்கள் ஒழுங்காக அனுப்பிய முகவரிப் படிவங்கள் கேன்சஸ் சிட்டி அருகே பூமிக்கடியிலுள்ள கிடங்கு ஒன்றில் பெட்டி பெட்டியாக, பதிவேட்டில் ஏற்றப்படாமல் கிடந்தது செய்தியாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம், நம்பகமான முகவரிகள் இல்லாததால் பலரைத் துறையால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அறிக்கை தந்தது. தன் கடமையைச் செய்யாத துறை மக்களைக் கடமை தவறியவர்கள் என்று குற்றம் சாட்டியது அநியாயம். அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கிடங்கிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் வேறு. பெட்டிக்குள் கிடந்த படிவத்தை அனுப்பியவர், அனுப்பிய சான்றை வைத்திருந்தால், சட்டத்தின் முன் கடமை முடித்தவர். துறை எவ்வளவு அலட்சியமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தச் சான்று விலை மதிப்புள்ளது.

நெடுங்காலம் ஏ.ஆர்-11 அனுப்புவது ஒரு வேலை, நிலுவை மனுவின் முகவரியை மாற்றுவது வேறொரு வேலை என்று இருந்தது. முதலாவதைச் செய்து இரண்டாவதை விட்டவர்கள் ஏமாந்தார்கள். "அனுப்பியும் பயனில்லை" என்ற பேச்சு அவர்களிடமிருந்தும் வந்தது. 2023 முதல் துறையின் இணையக் கணக்கில் ஒரே இடத்தில் இரண்டையும் பெரும்பாலான மனுக்களுக்குச் செய்துவிடலாம். குடும்ப வன்முறையிலிருந்து தப்பியவர்களுக்கும் ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் உரிய மனுக்களுக்கு மட்டும், இரகசியம் காப்பதற்காகத் தனி நடைமுறை உண்டு.

அரசுக்கு முகவரி சொல்வதே ஆபத்து என்று அஞ்சுகிறவர்களின் வாதம் இவற்றிலிருந்து வேறுபட்டது; அதை அலட்சியம் என்று தள்ளக்கூடாது. விசா நிலை இழந்தவர் படிவம் அனுப்பும் முன் குடிவரவு வக்கீலைப் பார்ப்பதே சரி. ஆனால் அந்த அச்சத்தைக் கிரீன் கார்டு உள்ளவரும் எச்-1பியில் இருப்பவரும் கடன் வாங்கிக்கொள்வதில் பொருளில்லை. அவர்களுடைய முகவரி வரிக் கணக்கிலும் ஓட்டுநர் உரிமத்திலும் ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது; கடிதம் அனுப்பும் பதிவேட்டில்தான் இல்லை.

குடிமகனாகிவிட்டால் ஏ.ஆர்-11 தேவையில்லை. ஆனால் மதுரையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ அம்மா அப்பாவை ஸ்பான்சர் செய்து ஐ-864 உறுதிமொழி கையெழுத்திட்ட குடிமகன் வீடு மாறினால், 30 நாளுக்குள் ஐ-865 என்ற படிவத்தில் தன் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும். தவறினால் 250 முதல் 2,000 டாலர் வரை அபராதம். பெற்றோர் அரசின் வறியோர் உதவி பெற்றது தெரிந்தே தவறினால் 2,000 முதல் 5,000 வரை. அதே வீட்டில் கிரீன் கார்டோடு இருக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆளுக்கொரு ஏ.ஆர்-11.

"பத்து நாள் தாண்டிவிட்டது, இனி அனுப்பினால் மாட்டிக்கொள்வோம்" என்று விட்டுவிடுவதும் தவறே. வெளியேற்றத்துக்கான விதி, வேண்டுமென்று தவறியதா என்று கேட்கிறது. தாமதமானாலும் தானாக முன்வந்து தெரிவித்தவருக்கு அந்தக் கேள்விக்கு விடை கையில் இருக்கிறது, மறைத்தவருக்கு இல்லை. அனுப்பியதும் திரையில் வரும் உறுதிச் சீட்டை அச்செடுத்து, காகிதமாக அனுப்பினால் பதிவுத் தபால் இரசீதையும் சேர்த்து, துறை அனுப்பிய ஐ-797 அறிவிப்புகளும் பாஸ்போர்ட் நகல்களும் இருக்கும் அதே கோப்பில் வைக்க வேண்டும். மறுதிறப்பு கேட்கும் நாள் வந்தால் அதிகாரி கேட்கப்போவது அந்த ஒரு தாளைத்தான்.